திரையில் முகமும் மொழியும்
(இலக்கிய மன்றக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவு)



வெள்ளித்திரையில் ஓர் இனத்தவரின் முகம் தோன்றிவிட்டால், அவ்வினம் தனக்குரிய இடத்தைப் பெற்றுவிட்டதாகுமா? ஆங்காங்கின் போர்க்கலைத் திரைப்பட வரலாறு இவ்வினாவிற்குத் தெளிவான விடை பகர்கின்றது.

புரூசு லீ 1940-இல் அமெரிக்காவிற் பிறந்து, ஆங்காங்கில் வளர்ந்தவர். 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'கிரீன் ஆர்னெட்' தொடரில் அவருக்குக் கிடைத்தது, வெள்ளைத் தலைவனுக்கு வண்டியோட்டும் கேட்டோ என்னும் ஏவலன் வேடம். ஆங்காங்கு மக்களோ அத்தொடரையே கேட்டோவின் பெயரால் வழங்கினர்! 1972-இல் 'குங்பூ' என்னும் தொடர் தொடங்கிற்று. அதன் தலைவன் பாதிச் சீனன். அவ்வேடத்திற்கு லீயும் எண்ணப்பெற்றார். பெற்றவரோ கேரடைன் என்னும் வெள்ளையர். சீனன் கதை வேண்டும். சீனன் முகம் வேண்டா!

1973 சூலையில் லீ மறைந்தார். அடுத்த திங்களில் அமெரிக்காவில் வெளிவந்த 'எண்டர் தி திராகன்' படத்தில் அவரே தலைவர். கறுப்பினத்துச் சிம் கெல்லியும் அதில் பெருமிதத்தோடு தோன்றினார். ஆயினும் கதையின் இடையிலேயே அவர் மாய்கின்றார்; லீயோடு இறுதிவரை எஞ்சுபவர் வெள்ளையரே. கொடியோனாக நடித்த ஆங்காங்கு நடிகர் சே கின்னுக்கோ பிறிதொருவர் குரல் பொருத்தப்பெற்றது.

குறை செய்தவர் வெள்ளையர் மட்டுந்தாமா? ஆங்காங்கின் வீட்டுக்கதையையும் கேளுங்கள்.

அங்குப் பெண்ணுக்கு இடமிருந்தது. 1966-இலேயே கிங் ஊ இயக்கிய படத்தில் செங் பேய்பேய் வாளேந்திக் கதைத்தலைவியாய் நின்றார். மக்கள் மொழிக்கோ இடமில்லை. அவர்களிற் பெரும்பான்மையோர் பேசுவது கண்டோனியம். ஆயினும் சா உடன்பிறப்பாளர் போன்ற பெருநிறுவனத்தார், வெளிச்சந்தையைக் கருதி மாண்டரின் மொழியிலேயே படமெடுத்தனர். 1972-இல் கண்டோனியப் படம் ஒன்றேனும் வெளிவரவில்லை. சிறு பருவத்திலேயே கண்டோனியப் படங்களில் நடித்த லீயும், 1971-இல் 'பிக் பாசு' படத்தில் தம் ஊரார்முன் மாண்டரின் மொழியில், அதுவும் பிறர் குரலில் பேச நேர்ந்தது. கைகள் அவருடையவை, நா அவருடையதன்று!

1973-இல் அதே சா நிறுவனம், சோர் யுவான் இயக்கத்தில் 'எழுபத்திரண்டு குடித்தனக்காரர் வீடு' என்னும் படத்தைக் கண்டோனியத்தில் வெளியிட்டது. அதில் மாவீரன் இல்லை. ஒண்டுக்குடித்தன ஏழைகளின் பூசலும் நகையுமே உண்டு. அவ்வாண்டு ஆங்காங்கில் வருவாயில் முதலிடம் பெற்றது அப்படமே. 'எண்டர் தி திராகன்' அதற்குப் பின்னர்த்தான்! அதுமுதல் கண்டோனியம் திரைக்கு மீண்டது. 1980-க்குள் தலைமையிடமும் பெற்றது.

இளைஞர்களே! திரையைக் காணுங்கால் எவர் முகம் தெரிகின்றது என்று பார்ப்பதோடு அமையாதீர்; எவர் மொழி ஒலிக்கின்றது என்றும் கேளுங்கள். அயலார் மறைத்த முகத்தை மீட்க ஒரு புரூசு லீ வேண்டியிருந்தது. தம்மவரே மறைத்த மொழியை மீட்க, நுழைவுச்சீட்டு வாங்கிய எளிய மக்களே போதுமானவராயினர்.