கருங்கல்லுக்குள் உயிர்

ஹைதராபாத்தில் கோல்கொண்டாக் கோட்டையைக் காணச் செல்வோர், அது அமர்ந்துள்ள கருங்கற் குன்றைவிட உயிரற்ற பொருள் வேறு ஏது என்றே நினைப்பர். நாமும் அவ்வாறே நினைத்து வந்தோம். ஆனால் பூமியின் ஆழத்தில் அத்தகைய பாறையினுள்ளும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று இன்று அறிகிறோம்.

நம் நாட்டில் இதற்கு வழி திறந்தது ஒரு பூகம்பம். 1967 டிசம்பரில் மகாராஷ்டிரத்துக் கொய்னாவில் நிலம் அதிர்ந்தது. அணையில் தேங்கிய நீரே அங்கு அதிர்வுகளைத் தூண்டுகிறது என்பது அறிஞர் கருத்து. அதன் விவரத்தை ஆழத்திலேயே தேடுவதற்காக, ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிலையம் 2011-க்குப் பின் அங்கே பல ஆழ்துளைகளை இட்டது. மேலே இருப்பது, சுமார் 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. கீழே இருப்பது அதனினும் மிகப் பழைய கருங்கல். மேலே வந்த பாறைத் துண்டுகளில் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் டி.என்.ஏ. வாயிலாக நுண்ணுயிர்களை இனங்கண்டனர்.

கண்டவை உயிரோடிருந்தவையா? இறந்த உயிரின் டி.என்.ஏ.வும் சில வேளை நெடுநாள் தங்கிவிடும். இங்கே கொழுப்பு துணைக்கு வருகிறது. உயிரணுவைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பாலானது. உயிர் நீங்கியபின் அது பெரும்பாலும் விரைவிலேயே சிதைந்துவிடுகிறது. ஆகவே அதன் அளவு, வாழும் கூட்டத்தின் அளவைக் காட்டும். மீனின் கொழுப்பை அளக்க 1959-இல் கனடாவில் வகுத்த முறையே, சிறு மாற்றங்களுடன் இதற்கும் பயன்படுகிறது.

கொழுப்பின் அமைப்போ, வாழ்வோர் யாரென்று உரைக்கும். பாக்டீரியாவின் கொழுப்பு ஒருவகை. ஆர்க்கியா என்னும் தனி இனத்தின் கொழுப்பு வேறுவகை. எனினும் இவ்வடையாளம் ஊரைச் சொல்லுமேயன்றிப் பேரைச் சொல்லாது. பேருக்கு டி.என்.ஏ.வையே நாட வேண்டும். மேலும், உணவு அரிதான ஆழத்தில் கொழுப்பு மெதுவாகச் சிதையவும் கூடும்.

இன்னோர் இடரும் உண்டு. துளையிடும்போது செலுத்தும் திரவம் மேற்பரப்பின் உயிர்களையும் உள்ளே கொண்டு செல்லும். கழுவாத பாத்திரத்தில் கறந்த பாலைச் சோதித்து, மாட்டின்மேல் குற்றம் சொல்லலாமா? ஆதலால் பாறைத் துண்டின் புறத்தோலை நீக்கி, உட்பகுதியையே ஆராய வேண்டும். திரவத்தையும் அவ்வாறே சோதித்து, இரண்டிலும் காணும் உயிர்களை ஐயத்திற்குரியவை என ஒதுக்க வேண்டும்.

நேயர்களே, சூரிய ஒளி எட்டாத அவ்விடத்தில் உயிர் எதை உண்டு வாழ்கிறது? பாறையும் நீரும் கலந்து வினைபுரியும்போது பிறக்கும் ஹைட்ரஜன் சிலவற்றுக்கு உணவாகும். உயிரின் எல்லையை நாம் இன்னும் அளந்து முடிக்கவில்லை. அதுவரை, காலடியிலுள்ள கல்லைச் சடம் என்று சொல்லச் சற்றே தயங்குவோமாக.