மிச்சப்பட்ட நேரம் யாருக்கு?
(தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய உரை)



பல்லுக்கு 'கேப்' போடுகிறார்களே, அதைச் செய்வது பெரும்பாலும் டாக்டர் அல்ல. லேபில் வேலை செய்யும் தொழிலாளி. மெழுகில் பல்லைச் செதுக்கி, உலோகத்தை உருக்கி வார்த்து, பீங்கான் மாவைப் பூசிச் சூளையில் சுடுவான். அமெரிக்காவில் 1994 முதல் 2000 வரை ஐந்து மாநிலங்களில் இத்தொழிலாளருக்குத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய் கண்டது. பஞ்சுத் தூசியை விழுங்கும் நமக்கு அது புரியும்.

1985-ல் சூரிச் பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டர் வடிவமைத்து இயந்திரம் கடைந்த பல் அடைப்பை முதன்முதல் வைத்தார்கள். இன்று காமிரா வாயைப் படமெடுக்கிறது. இயந்திரம் சிர்கோனியாக் கட்டியைக் கடைகிறது. சூளையில் சுருங்குமென்று கணக்கிட்டுப் பெரிதாகவே கடைகிறது. அபாரமான சாதனைதான்!

ஆனால் மிச்சப்பட்ட நேரம் யாருக்கு?

அமெரிக்க லேப் முதலாளிகள் விலையில் ஒருவரையொருவர் வெட்டுகிறார்கள். சீனாவின் ஷென்ஜென் பட்டறைகளிலிருந்தும் மலிவாக வருகிறது. லேப் சுமார் 100 டாலருக்குத் தரும் கேப்புக்கு நோயாளி 1,000 டாலருக்கு மேல் அழுகிறான். சிறு லேப் மூடுகிறது; கைத்திறன் படைத்தவன் தெருவில் நிற்கிறான். "சீனத் தொழிலாளிதான் எதிரி" என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. அவனைவிடக் குறைந்த கூலி வாங்குபவன் எப்படி எதிரியாவான்?

நம் கதையும் இதுதானே! ஆலையில் ஆளைக் குறைத்துச் சைடைக் கூட்டினார்கள். வயலில் அறுவடை மெஷினை இறக்கினார்கள்.

இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. இயந்திரம் வரட்டும், வேலை நேரம் குறையட்டும், கூலி குறையக் கூடாது. ஆட்குறைப்பு கூடாது. புது வேலைக்கு முதலாளி செலவில் பயிற்சி வேண்டும். இவற்றைத் தனி ஆள் கேட்டால் கிடைக்காது, தோழர்களே. சங்கம் கேட்க வேண்டும்!