நாவுக்கு இனியது மூச்சுக்கு ஏற்றதாகுமா?

(வேதியியல் மாணவர்களுக்கும் மாவட்ட அலுவலர்களுக்கும் நிகழ்த்திய உரை)



வேதியியல் பயிலும் மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, மின் சிகரெட்டில் ஊற்றும் திரவத்தில் இருப்பவை நான்கே பொருள்கள். நிகோட்டினை நீக்கிவிட்டால் எஞ்சுபவை மூன்றும் உணவிலும் மருந்திலும் சேர்க்கப்படுபவை. வெளிநாடுகளில் பலர் இத்திரவத்தை வீட்டிலேயே கலந்து, கடையில் விற்கும் புகழ்பெற்ற சுவையைப் போலவே செய்துகொள்கிறார்கள். அதில் என்ன தவறு?” என்றார்.

கேள்வி நேர்மையானது. ‘சட்டம் தடுக்கிறது’ என்று ஒரே சொல்லில் விடையிறுத்து அவரை அனுப்பியிருக்கலாம். ஆயினும் அறிவியல் மாணவருக்கு அறிவியல் வழி நின்று விடை தருவதே முறையாகும். அன்று அவருக்குக் கூறியதைச் சற்று விரிவாக இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

திரவத்தில் இருப்பவை

இன்று உலகெங்கும் அறியப்படும் மின் சிகரெட்டை உருவாக்கியவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளர், ஆண்டு 2003. புகையிலையை எரிக்காமல், நிகோட்டின் கலந்த திரவத்தை மின்கலத்தால் சூடாக்கி, நுண்துளிப் படலமாக மாற்றி உள்ளிழுக்கச் செய்வதே அதன் அடிப்படை.

புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்னும் இரண்டும் இத்திரவத்தின் பெரும்பகுதி. முன்னது பல மருந்துகளில் கரைப்பானாகப் பயன்படுவது. பின்னது இருமல் மருந்திலும் இனிப்புப் பண்டங்களிலும் இடம்பெறுவது. மூன்றாவது நிகோட்டின். நான்காவது, நாவும் மூக்கும் சேர்ந்து உணரும் சுவைமணப் பொருள். முதலிரண்டுக்கும் சொல்லத்தக்க மணம் இல்லை. கிளிசரினுக்குச் சற்றே இனிப்பு உண்டு, அவ்வளவே. ஆகவே ஒரு புட்டியை மற்றொரு புட்டியிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது சுவைமணமே. 2014 சனவரியில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது 466 வணிகப் பெயர்களில் 7,764 சுவைப் பெயர்கள் சந்தையில் இருந்தன. வணிகம் எதனை நம்பி நின்றது என்பதற்கு இவ்வெண்ணே சான்று.

நகலெடுக்கும் முயற்சி

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீட்டில் கலப்போர் இதனை ஒரு கைத்தொழில் போலவே பயின்றனர். செறிவூட்டிய சுவைமணப் பொருள்களைச் சிறு புட்டிகளில் வாங்குவர். நுண்தராசில் நிறுத்துக் கலப்பர். ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு எனக் குறித்து வைப்பர். சில நாள்களோ வாரங்களோ இருட்டில் ஊறவிட்டுச் சுவைத்துப் பார்ப்பர். கடைப்பொருளின் சுவை கிட்டும்வரை அளவுகளை மாற்றிக்கொண்டே செல்வர். செலவு குறைவு என்பது ஒரு காரணம். தன் கையால் ஒன்றைக் கண்டுபிடித்த நிறைவு மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை நாம் இகழ்தல் கூடாது.

இதில் வேதியியல் இல்லாமல் இல்லை. வாழைப்பழ மணத்தை ஐசோஅமைல் அசிடேட் தருகிறது. அன்னாசி மணத்தை எத்தில் பியூட்டிரேட் தருகிறது. செர்ரி மணத்துக்குப் பென்சால்டிகைடு, கருகிய சர்க்கரை மணத்துக்கு எத்தில் மால்ட்டால், வெண்ணெய் மணத்துக்கு டயசெட்டில். ஆயினும் நகல் எளிதில் கைகூடுவதில்லை. ‘ஸ்ட்ராபெரி’ என்ற பெயருடன் வரும் செறிவுப் பொருளே பல சேர்மங்களின் கலவை. அதன் முழு விவரத்தை உற்பத்தியாளர் வெளியிடுவதில்லை. வளிம நிறப்பிரிகைக் கருவி பெரும்பாலான கூறுகளைக் காட்டும். எனினும் மிக நுண்ணிய அளவில் நின்று முழு மணத்தையும் ஆளும் ஒரு சேர்மம் கருவிக்குத் தப்பி மூக்குக்கு மட்டும் புலப்படுவதும் உண்டு.

மற்றொரு சிக்கலும் இருக்கிறது. வனிலாவின் மணத்துக்குரிய வனிலின், புட்டியில் இருக்கும்போதே புரொப்பிலீன் கிளைக்காலுடன் வினைபுரிந்து அசிட்டால் என்னும் வகையைச் சேர்ந்த புதிய சேர்மமாக மாறுவதை 2018-இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். மாணவர்களே, இதன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். நாம் நகலெடுக்க முனையும் புட்டியில் இருப்பது, தொழிற்சாலையில் ஊற்றப்பட்டதே அன்று. நாம் கலந்து வைத்ததும் மறு வாரம் அதுவாகவே இருப்பதில்லை. சேர்க்காத பொருளும் அதில் சேர்ந்துவிடுகிறது.

சுவையை நகலெடுப்பது இழிவான செயல் என்று நான் கூறவரவில்லை. 1977-இல் கொக்கோ கோலா நிறுவனம் நம் நாட்டை விட்டு நீங்கியபோது, அதற்கு மாற்றாக ‘டபுள் செவன்’ என்ற பானம் வெளிவந்தது. அதற்கான கலவை முறையை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வகுத்தளித்தது. ஆனால் அது பருகும் பொருள். பருகும் பொருளுக்குரிய சோதனைகள் நம்மிடம் இருந்தன. இங்குதான் நம் மாணவரின் வாதத்தில் உள்ள இடைவெளி தோன்றுகிறது.

உணவுச் சான்று எதற்குச் சான்று?

சுவைமணப் பொருள் ஒன்று ‘பாதுகாப்பானது’ என்று கூறப்படும்போது, உண்பதற்குப் பாதுகாப்பானது என்பதே அதன் பொருள். அமெரிக்கச் சுவைமண உற்பத்தியாளர் சங்கமே, தன் பாதுகாப்புப் பட்டியல் உணவுக்கு மட்டும் உரியது. மின் சிகரெட்டுக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. காரணம் தெளிவானது. உண்ட பொருள் குடலினின்று கல்லீரலுக்குச் சென்று, அங்கே பெரும்பாலும் மாற்றப்பட்ட பின்னரே உடலெங்கும் பரவுகிறது. மூச்சில் இழுத்த பொருளோ மெல்லிய நுரையீரல் சவ்வின் மேல் நேராகப் படிந்து, அக்காவலைக் கடக்காமலே குருதியில் கலக்கிறது.

இதனை உலகம் விலை கொடுத்தே கற்றது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மைக்ரோவேவ் அடுப்புக்குரிய சோளப்பொரி தயாரிக்கும் ஓர் ஆலையின் முன்னாள் தொழிலாளர் எண்மருக்கு, மூச்சு நுண்குழல்கள் தழும்பேறி அடைபடும் அரிய நோய் இருப்பதாக நலத்துறைக்குத் தெரியவந்தது. வெண்ணெய் மணத்துக்காகச் சேர்த்த சுவைமணப் பொருளின் ஆவியே காரணம் என ஆய்வு காட்டியது. அதில் முதன்மையானது டயசெட்டில். அந்தப் பொரியை உண்டவர்கள் நலமாக இருந்தார்கள். கலவைத் தொட்டியின் அருகே நின்று மூச்சுவிட்டவர்கள் நோயுற்றார்கள். பொருள் ஒன்றே, புகுந்த வழி வேறு.

பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின் சிகரெட்டுகளின் 51 சுவைகளைச் சோதித்து, 39-இல் டயசெட்டில் இருப்பதாக 2015-இல் வெளியிட்டனர். ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும்: சாதாரண சிகரெட்டின் புகையிலும் டயசெட்டில் உண்டு, ஆலைத் தொழிலாளருக்கு வந்த நோய் மின் சிகரெட் பயன்படுத்துவோரிடம் அவ்வாறே பரவியதாக நிறுவப்படவும் இல்லை. ஆனால் ‘உணவில் இருப்பதுதானே’ என்ற வாதம் இதனோடு வலுவிழந்துவிடுகிறது.

2019-இல் நிகழ்ந்தது இன்னும் கடுமையானது. அமெரிக்காவில் இளைஞர் பலர் திடீரென நுரையீரல் பாதிப்புற்று மருத்துவமனைகளில் சேர்ந்தனர். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கஞ்சாச் சாறு கலந்த திரவங்களை முறைசாரா வழிகளில் பெற்றவர்கள். நோயாளிகள் 51 பேரின் நுரையீரல் நீரை ஆராய்ந்ததில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் காணப்பட்டது. மாத்திரையாக விழுங்கவும் தோலில் பூசவும் பயன்படும் பொருள் அது. சாற்றைத் தடிமனாகக் காட்ட யாரோ சேர்த்தார்கள். சேர்த்தவர் அதனை நஞ்சு என்று எண்ணியிருக்க மாட்டார்.

வீட்டு மேசையில் நஞ்சு

நிகோட்டின் சேர்த்துக் கலப்பவர் வீட்டில் மற்றோர் இடர் உண்டு. நிகோட்டின் முன்னாளில் பூச்சிக்கொல்லியாகப் பயன்பட்ட பொருள்; தோல் வழியாகவும் உடலில் ஏறுவது. அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு இத்திரவம் குறித்து 2010 செப்டம்பரில் வந்த அழைப்பு ஒன்றே ஒன்று. 2014 பிப்ரவரியில் வந்தவை 215. அக்காலம் முழுவதும் வந்த அழைப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றியவை. பழமணம் வீசும் வண்ணப் புட்டி குழந்தைக்கு மிட்டாயாகவே தோன்றும். குழந்தைகள் திறக்க இயலாத மூடியை 2016-இல் அந்நாடு சட்டமாக்கியது. வீட்டில் கலந்து மறுபுட்டியில் ஊற்றி வைப்பவருக்கு அந்த மூடியின் காவலும் இல்லை.

நம் நாட்டின் நிலை

நாடுகள் இதில் ஒரே வழியில் செல்லவில்லை. புகைப்பழக்கத்தை விட முயல்வோருக்கு இது குறைந்த தீங்கு எனப் பிரிட்டன் கருதுகிறது. நிகோட்டினின் செறிவையும் புட்டியின் கொள்ளளவையும் ஐரோப்பிய ஒன்றியம் வரையறுத்தது. நாம் வேறு வழியைத் தேர்ந்தோம். 2016-17 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 26.7 கோடி வயது வந்தோர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். 2009-10-இல் 34.6 விழுக்காடாக இருந்த அளவு 28.6-க்கு இறங்கியிருந்தது. அரிதின் ஈட்டிய அந்த இறக்கத்தைப் புதிய பழக்கம் ஒன்று அழித்துவிடலாகாது என்ற கவலையே 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாகவும், அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாகவும் உருப்பெற்றது.

அலுவலர்கள் கவனத்திற்கு ஒரு குறிப்பு. நிகோட்டின் இருப்பினும் இல்லாவிடினும் இச்சட்டம் பொருந்தும். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றை, முழுப் பொருளாயினும் அதன் எப்பகுதியாயினும், அது தடுக்கிறது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வீட்டில் தயாரிப்பவருக்கென விலக்கு எதுவும் அதில் தரப்படவில்லை. ஆயினும் மாணவரிடம் செல்லும்போது தண்டனைப் பிரிவை மட்டும் படித்துக்காட்டாதீர்கள், காரணத்தையும் எடுத்துரையுங்கள். காரணம் அறியாதவன் கண்காணிப்பு இல்லாத இடத்தில் சட்டத்தை மறந்துவிடுவான்.

திறமைக்குரிய இடம்

நுண்தராசும் பொறுமையும் கூரிய மூக்கும் உடைய இளைஞருக்கு இந்நாட்டில் வேலை இருக்கிறது. கன்னோசியில் தலைமுறை தலைமுறையாகச் செப்புக் கலன்களில் அத்தர் வடிக்கிறார்கள். அங்கே 1991-இல் நறுமண, சுவைமண வளர்ச்சி மையம் நிறுவப்பட்டது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து, நறுமணத் தாவர நிறுவனம் உருவாக்கிய புதினா வகைகள் உத்தரப் பிரதேச உழவர்களின் வயல்களில் மென்தால் தருகின்றன. மைசூர் நிலையத்தைப் பற்றி முன்னரே கூறினேன். இவ்விடங்களில் கலப்பவருக்கு, தாம் கலந்தது யார் உடலில் எவ்வழியே செல்லும் என்பது தெரியும். அதற்கேற்ற சோதனையும் உண்டு.

இவ்வளவும் கேட்டபின் அம்மாணவர் ஒன்றும் மறுத்துரைக்கவில்லை. சற்று நேரம் கழித்து, “அப்படியானால், மூச்சில் இழுக்க ஏற்றதா என்று ஒவ்வொரு சுவைமணப் பொருளையும் சோதித்த பட்டியல் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். உணவுக்கு இருப்பதுபோல் நிறைவான பட்டியல் அதற்கு இல்லை என்றேன். “யாரேனும் செய்யவேண்டிய வேலை அல்லவா அது?” என்றார்.

முதற் கேள்வியைவிட இது நல்ல கேள்வி. இதற்குரிய விடை உங்களுள் ஒருவரிடமிருந்து வருமானால் இன்றைய என் பேச்சு பயனுடையதாகும்.