பாதையைத் திறந்து வைத்தவர்கள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

ஆண்டுதோறும் இம்மேடையில் தேர்வில் முதலிடம் பெற்ற பிள்ளைகளையும், பள்ளிவாசலுக்கு வாரி வழங்கிய கொடையாளர்களையும் பாராட்டி வருகிறோம். இவ்வாண்டு நிர்வாகத்தினர் புதிதாக இருவரைச் சேர்த்திருக்கிறார்கள். ஒருவர், ஃபஜ்ருத் தொழுகைக்குத் தாம் நடந்து வருவதோடு நில்லாமல், வழியிலுள்ள வீடுகளின் இளைஞர்களையும் எழுப்பி உடன் நடத்தி அழைத்து வரும் முதியவர். மற்றொருவர், தம் தெருவின் சிறுமியருக்கு மாலைதோறும் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்த சகோதரி. நடப்பதற்கும் சைக்கிள் மிதிப்பதற்கும் ஒரு பரிசா என்று சிலர் புன்னகைத்ததை நான் அறிவேன். அவர்களுக்காகவே இவ்வுரை.

நடத்தலும் பாதையும் நம் மார்க்கத்தில் சிறிய செய்திகள் அல்ல. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியிலிருந்து தொலைவில் குடியிருந்த பனூ ஸலிமா கோத்திரத்தார் பள்ளிக்கு அருகில் குடிபெயர விரும்பினார்கள். அவர்கள் எடுத்து வைக்கும் அடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்று கூறி, இருந்த இடத்திலேயே இருக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் நூல்களில் வந்துள்ளது. பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது தர்மம் என்றும், பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் அவர்கள் போதித்தார்கள். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் ஆணும் பெண்ணும் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நடப்பது, தம் குழந்தைக்குத் தண்ணீர் தேடி ஓடிய அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் அடிச்சுவட்டில்தான்.

தண்ணீரையும் குழந்தையையும் சுமந்து பெண்கள் பயணம் செய்த இன்னொரு வரலாறு நம் தமிழகத்திலேயே உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுத் தர ஏற்பாடு செய்தார்கள். எழுத்தைக் கற்ற பெண் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு இன்னொருவர் துணையையே எதிர்பார்த்திருந்தால் அந்தக் கல்வி முழுமை பெறாது என்பது அதன் கருத்து. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் அவர்கள் முயன்றார்கள். அறிவொளித் தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று பயிற்சி அளித்தனர். சைக்கிளைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடினர். கேலிப் பேச்சுக்கும் குறைவில்லை. ஆயினும் கல் உடைக்கும் பெண்களும், விவசாயக் கூலிகளும், ஆசிரியைகளும் கற்றுக்கொண்டார்கள்.

1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள், கைப்பிடியில் கொடி கட்டி, மணி ஒலித்துப் புதுக்கோட்டை நகரில் ஊர்வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அவர்கள் அம்மாவட்டத்திற்கு நேரில் சென்று எழுதிய கட்டுரையில், ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றதாகக் குறிப்பிடுகிறார். பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவு கிடைக்காதபோது, ஆண்களின் சைக்கிளையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முன்புறக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். பின்புறத்தில் தண்ணீர்க் குடங்களைக் கட்டிக்கொண்டார்கள். பேருந்துக்கும் வீட்டு ஆண்களின் ஓய்வு நேரத்திற்கும் காத்திருந்த நிலை மாறியது.

சகோதரர்களே, அவர்களில் கட்டுப்பாடு மிகுந்த குடும்பங்களைச் சேர்ந்த முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள் என்பதை அதே கட்டுரை பதிவு செய்திருக்கிறது.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழக அரசு 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் வழங்கத் தொடங்கியது. 2005-06ஆம் கல்வியாண்டில் அத்திட்டம் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியருக்கு விரிவாக்கப்பட்டது. நான் ஓதி முடித்து ஒரு சிற்றூரில் இமாமாகச் சேர்ந்திருந்த காலம் அது. ஓர் இரவு இஷாவுக்குப் பின் கூலி வேலை செய்யும் ஒரு தந்தை என்னிடம் வந்தார். “ஹஜ்ரத், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். பஸ் நேரத்துக்கு வருவதில்லை. பிள்ளை சைக்கிளில் போகலாமா? ஊரில் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள்” என்று கேட்டார்.

கூடாது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கூடும் என்று சொல்ல என்னிடம் துணிவு இல்லை. “பேணுதலாக இருப்பது நல்லது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து அவருடைய தாயார் மௌத்தானபோது அவ்வீட்டிற்குச் சென்றேன். சைக்கிள் திண்ணையில் சாத்தியிருந்தது. கைப்பிடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பிள்ளை படிப்பை நிறுத்தியிருந்தாள். அந்தத் தந்தை என்னைக் குறை கூறவில்லை. “ஹஜ்ரத் சொன்னபடியே செய்துவிட்டோம்” என்றார். அந்தச் சொல்லுக்கு நான் மறுமையில் பதில் கூற வேண்டியவன்.

ஒட்டகத்தில் ஏறிச் செல்லும் பெண்களில் குறைஷிப் பெண்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறிய ஹதீஸை நான் அதற்கு முன்பே ஓதியிருந்தேன். ஓதியது நினைவில் இருந்தது. ஊரார் என்ன சொல்வார்களோ என்ற எண்ணம் அதைவிட முன்னால் வந்து நின்றது. ஆகவேதான் சொல்கிறேன்: இன்று பாராட்டப்படும் அச்சகோதரி, இமாமாகிய நான் செய்யத் தவறியதைச் செய்திருக்கிறார். தான் ஓட்டுவது ஒரு திறமை. பிறர் ஓட்டுவதற்குப் பாதையைத் திறந்து வைப்பது ஒரு ஸதக்கா. மார்க்க வரம்பைப் பேணி உடுத்தி, கல்விக்காகச் செல்லும் பிள்ளையைத் தடுக்கும் சொல் எதுவும் இனி இந்த மிம்பரிலிருந்து வராது, இன்ஷா அல்லாஹ்.

அன்பர்களே! நம் ஊர்ப் பாதைகளைப் பாருங்கள். சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் வெளியூர் வாகனங்கள் நெருங்கி நிற்கின்றன. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தூரம்தான்; சைக்கிளில் அரை மணிக்குள் போய்விடலாம். ஆனால் ஓரமாகச் செல்லும் பள்ளிப் பிள்ளைக்கு அங்கே இடம் இருக்கிறதா? வெளியூராரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசல் சந்தின் நிலை என்ன? கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவரும் பைக்கில் வந்து, வாசலை அடைத்து நிறுத்துகிறார். நடந்து வந்த முதியவர் அந்த வண்டிகளுக்கிடையே உடலைச் சுருக்கிக்கொண்டு நுழைகிறார். சாரலில் நனைந்த தரையில் அவர் வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் யாருக்கு?

உலகமும் இதை உணரத் தொடங்கியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018ஆம் ஆண்டு, ஜூன் 3ஆம் நாளை உலக சைக்கிள் தினமாக அறிவித்தது. பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதில் பெரும்பகுதியை ஐவேளைப் பள்ளிக்கு நடக்கும் நடையிலேயே ஈட்டிக்கொள்ள நம்மில் பலரால் முடியும்.

எனவே ஜமாஅத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நடக்க இயன்றவர்கள் ஜும்ஆவுக்கு நடந்தோ சைக்கிளிலோ வாருங்கள். இயலாதவர்களின் வண்டிகளை ஒரு புறமாக வரிசைப்படுத்தி, மறுபுறத்தை நடப்பவர்களுக்கு விட்டுவிடுவோம். இரண்டாவது, நம் வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கும் பள்ளிக்கூட சைக்கிள்களைத் திரட்டி, பழுது நீக்கி, தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கொடுப்போம். மூன்றாவது, பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வாகன வேகத்தைக் கட்டுப்படுத்தவும், நடைபாதையைச் சீராக்கவும் நகராட்சிக்கும் காவல்துறைக்கும் ஜமாஅத்தின் பெயரால் மனுக் கொடுப்போம். அதனால் பயன் பெறுவோர் எல்லாச் சமயத்தவரும் ஆவர். பாதையின் உரிமை எல்லோருக்கும் பொதுவானது.

பொன்னாடை நாளை மடித்து வைக்கப்பட்டுவிடும். இவ்விருவருக்கும் நாம் செய்யும் உண்மையான மரியாதை, அடுத்த ஆண்டு இதே நாளில் நம் சந்து அகலமாகத் தெரிவதும், திண்ணையில் சாத்திய சைக்கிள் ஒன்றேனும் சாலையில் ஓடுவதும்தான். அதற்கு வல்ல ரஹ்மான் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.