கிணறு வகுத்த நாடு: யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமும் குடியேற்றமும்

(மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து உலு திராமில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு)



ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய் இங்கிருந்து காரில் காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடும் தூரம்தான். தென்முனைக்காரர்களாகிய உங்களிடம் நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு வடமுனை. இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தார் என்றதும் தோட்டத்து எழுத்தரான கிராணியார்தான் நினைவுக்கு வருவார். அது எல்லாருக்கும் இனிப்பான நினைவு அல்ல என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கிராணியாரைக் கப்பலேற்றி இங்கே அனுப்பிய மண் எப்படிப்பட்டது என்பதே இன்றைய பேச்சு.

இலங்கை வரைபடத்தின் உச்சியில், பெருநிலத்தோடு சேர்ந்தும் சேராமலும் கிடக்கிறது குடாநாடு. பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர். கிழக்கே சுண்டிக்குளம் பக்கம் ஒரு மணல் கீற்று அதை வன்னியோடு பிணைக்கிறது. ஆனையிறவில் களப்பின் குறுக்கே சாலை போகிறது. மேற்கே வலிகாமம், வடகிழக்கே வடமராட்சி, தெற்கே தென்மராட்சி, கடலுக்குள் தீவகம் என்று ஊரார் பிரித்துச் சொல்வார்கள். வலிகாமத்தில் செம்மண், தென்மராட்சியில் மணலும் தென்னையும் பலாவும், நெடுந்தீவில் பவளக்கல் அடுக்கிய வேலி. பனை மட்டும் எங்கும் உண்டு.

ஆறுதான் இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் ஓடும், பிறகு தடம் மட்டும் கிடக்கும். மழையும் ஜொகூரில் பெய்வதில் பாதிதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பெய்த நீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கனம் குறைந்தது என்பதால் இது நடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. மேலே அந்த ஓர் அடி குறைந்தால் கீழே என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு.

ஆகவே குடாநாட்டில் ஊர் எங்கே அமைய வேண்டும் என்று தீர்மானித்தது கிணறு. நல்லூர் அரசர்களுக்கும், 1619இல் ஆட்சியைப் பிடித்த போர்த்துக்கேயருக்கும், 1658இல் வந்த ஒல்லாந்தருக்கும் அதில் இரண்டாம் இடம்தான் என்பது என் கருத்து. கிணற்று நீரின் பழைய இறைப்பைப் பாருங்கள். ஒருவர் துலா மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். கீழே நிற்பவர் பனையோலையில் இழைத்த பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். நீர் வாய்க்காலில் ஓடிப் புகையிலைக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் போகும். காலால் மிதித்து இறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதனால் கீழேயுள்ள உப்பு அசையாமல் கிடந்தது. காணி உறுதியில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பங்கும் எழுதப்பட்டன. ஆனால் ஒடுக்கப்பட்ட சாதியார் பல ஊர்களில் அந்தக் கிணற்றடிக்கே போக முடியவில்லை. வேறொருவர் அள்ளி ஊற்றும் வரை குடத்தோடு காத்து நின்றார்கள். குடாநாட்டின் உழைப்பைப் புகழ்கிறவர்கள் இதை விழுங்கிவிடக் கூடாது.

இனி, அந்தக் காணி கைமாறிய விதம். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களைச் சொல்லும் தேசவழமைச் சட்டத்தில் சீதனத்துக்குப் பெரிய இடம் உண்டு. பெண்ணுக்குக் காணி போனது. தலைமுறைக்குத் தலைமுறை துண்டு சிறுத்தது. ஆணுக்கு மிஞ்சியது படிப்பு. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் கற்பித்த செமினறியைத் தொடங்கினார்கள். அந்தப் படிப்புக்கு வேலை கடல் கடந்து கிடைத்தது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் மலாயாவின் முதல் ரயில் ஓடியது. அதை நடத்த வெள்ளைக்காரருக்கு ஆங்கிலம் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. 1909இல் ஜொகூர் பாதையும் திறந்தபின், ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் யாழ்ப்பாணத்துத் தமிழ் கேட்பது இங்கே சாதாரணமாயிற்று. பென்சனோடு திரும்பியவர்கள் ஊரில் கல்வீடு கட்டினார்கள், கிணறு கட்டினார்கள், கோயில் கட்டினார்கள்.

கடலோர ஊர்களுக்கு வேறு கதை. வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்மரக் கப்பலான அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அதை மட்டுமே ஒரு தனிப் பேச்சாகப் பேசலாம்.

இலங்கை உள்நாட்டுப் போர் குடாநாட்டின் குடியிருப்பைக் கலைத்தது. 1990 அக்டோபரில் முஸ்லிம்கள் வடக்கிலிருந்து விரட்டப்பட்டார்கள். 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமமே மூட்டை முடிச்சோடு கிழக்கே நடந்தது. 1981இல் ஏழு லட்சத்துக்கு மேல் இருந்த யாழ் மாவட்ட மக்கள்தொகை, 2012இல் ஆறு லட்சத்தைத் தொடவில்லை.

ஆள் குறைந்தும் நீர் பிழைக்கவில்லை. பம்பு வந்த பிறகு இறைப்புக்கு எல்லை போய்விட்டது, உப்பு மேலேறுகிறது. யூரியாவும் மலக்குழிகளும் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றைச் சேர்த்திருக்கின்றன. சுன்னாகத்தில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954லேயே 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று திட்டம் எழுதினார். வன்னியில் ஓடும் கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் களப்பில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் களப்புக்குக் கொண்டுபோவது அதன் சாரம். அந்தத் திட்டம் இன்றுவரை முழுமையாகவில்லை.

குடாநாட்டில் நூற்றுக்கணக்கான சிறு குளங்கள் தூர்ந்து கிடக்கின்றன. மழைநீரைக் கல்லுக்குள் இறக்குபவை அவைதான். ஊர்த் திருவிழாவுக்கும் கோபுர வேலைக்கும் ஜொகூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பணம் போகிறது, போகட்டும். அடுத்த முறை ஊரிலிருந்து நன்கொடைக் கடிதம் வந்தால், கோயிலுக்குப் பக்கத்துக் குளத்தைத் தூர்வாரினீர்களா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.