மண்சட்டியும் தீட்டும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாதாரண மண்சட்டி. சட்டியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால், இன்னாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், இன்னாரோடு சாப்பிடக் கூடாது என்று விதி செய்தவர்கள் எல்லோரும் "ஆதிமுதல் இப்படித்தான்" என்று சொல்லியே அதைச் செய்திருக்கிறார்கள். அந்த ஆதி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள, எந்த ஏட்டுக்கும் மூத்த சாட்சி ஒன்று இருக்கிறது. அது உடைந்த சட்டி.

முதலில் அதன் வயதைக் கேளுங்கள். சீன தேசத்தில் சியான்ரென்தோங் என்று ஒரு குகை. அங்கே அகப்பட்ட ஓட்டுச் சில்லுகளுக்குச் சுமார் 20,000 வருஷம் வயது என்று 2012-ல் ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டார்கள். சில சில்லுகளின் வெளிப்புறத்தில் தீப்பட்ட கருக்கல் இருக்கிறது. ஆகவே அது அடுப்பில் ஏறிய சட்டி. அந்தக் காலத்தில் உழவு கிடையாது, விதைப்பு கிடையாது, குயவன் சக்கரமும் கிடையாது. வேதமும் பைபிளும் குரானும் பிறப்பதற்கு எவ்வளவோ ஆயிரம் வருஷம் முன்பே மனிதன் தன் கையால் மண்ணைப் பிசைந்து சட்டி செய்து, அடுப்பு மூட்டிவிட்டான்.

சுட்ட கறியை ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துக்கொண்டு, தனியே ஒதுங்கிப் போய்த் தின்றுவிடலாம். கொதிக்கிற சட்டி அப்படிப்பட்டதல்ல. அதை ஒருவன் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருவன் விறகு தள்ள வேண்டும், பசித்தவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். சட்டி வந்த இடத்தில் பந்தியும் வந்தது.

அந்தச் சட்டியில் என்ன வெந்தது என்று இன்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நமது தாய்மார்களைக் கேளுங்கள். கருவாட்டுச் சட்டியை எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் வாசனை போகிறதா? மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. அவற்றில் கொழுப்பு இறங்கி ஒட்டிக்கொள்ளுகிறது. ஆயிரக்கணக்கான வருஷமானாலும் அதில் கொஞ்சம் அங்கேயே கிடக்கிறது. ரசாயன நிபுணர்கள் சில்லை இடித்துப் பொடியாக்கி, அந்தக் கொழுப்பை வடித்து, அது மீனா, பன்றியா, பாலா என்று பிரித்துச் சொல்லுகிறார்கள். ஜப்பானில் சுமார் 12,000 முதல் 15,000 வருஷத்துக்கு முற்பட்ட சட்டிகளில் கருகி ஒட்டியிருந்த 101 படிவுகளைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் வெந்தது மீன் முதலிய நீர்வாழ் பிராணிகள் என்று 2013-ல் வெளியிட்டார்கள். இது ஞானதிருஷ்டியல்ல; சந்தேகப்படுகிறவன் மறுபடியும் சோதித்துப் பார்த்துக்கொள்ளக்கூடிய காரியம்.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே ஸ்டோன்ஹெஞ்ச் என்று பெரும் கற்களை வட்டமாக நிறுத்திய இடம் ஒன்று உண்டு. அதற்கு இரண்டு மைல் தூரத்தில் டரிங்டன் வால்ஸ் என்ற இடத்தைத் தோண்டியபோது, சுமார் 4,500 வருஷத்துக்கு முற்பட்ட வீடுகளும், குப்பை குப்பையாகப் பன்றி எலும்பும், கோடு கீறிய சட்டிச் சில்லும் அகப்பட்டன. பன்றிகளில் பல ஒன்பது மாத வயதில் வெட்டப்பட்டவை. வசந்தத்தில் பிறந்த குட்டிக்கு ஒன்பது மாதம் என்றால் அது நடுக் குளிர்காலம். அந்தப் பருவத்தில் பெரிய விருந்து நடந்திருக்கிறது.

விருந்துக்கு வந்தவர்கள் யார்? அதற்குப் பன்றியின் பல்லும் எலும்பும் சாட்சி. எந்தப் பூமியில் மேய்ந்ததோ அந்தப் பூமியின் அடையாளம் அவற்றில் தங்கிவிடும். டரிங்டன் வால்ஸ் உள்பட நான்கு விருந்து இடங்களிலிருந்து 131 பன்றிகளைச் சோதித்து 2019-ல் முடிவு சொன்னார்கள். சில பன்றிகள் ஸ்காட்லாந்திலிருந்தும், சில மேற்கு வேல்ஸிலிருந்தும் வந்திருக்கின்றன. ரயில் இல்லை, ரஸ்தா இல்லை. ஆட்டு மந்தைபோல் ஓட்டிப்போக வசப்படுகிற பிராணியுமல்ல பன்றி. அப்படியிருந்தும் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி, தங்கள் ஊர்ப் பன்றியோடு ஜனங்கள் வந்திருக்கிறார்கள். வந்தவர்களுக்குள் எத்தனை பேச்சோ, எத்தனை பழக்கமோ! ஆனால் அடுப்பு ஒரே இடத்தில் எரிந்தது.

ஆதிகாலம் முழுவதும் சமதர்மமாக இருந்தது என்று நாம் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு புராணமாகிவிடும். அதே டரிங்டன் வால்ஸில் வீடுகளிருந்த பக்கத்துச் சட்டிகளில் பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் இருக்க, மரத்தூண்களை வட்டமாக நட்டிருந்த விசேஷ இடத்துச் சட்டிகளில் பெரும்பாலும் பால் கொழுப்பு இருந்ததாக 2015-ல் கண்டார்கள். அப்போதே சில உணவுக்கு விசேஷ இடம் ஏற்பட்டுவிட்டது. பெருவிருந்து போட்டுப் பெரிய மனிதனாகப் பார்த்தவனும் இருந்திருப்பான். ஆகவே நாம் பழமையைக் காட்டி நியாயம் கேட்கவில்லை. பழமையைக் காட்டி அநியாயம் செய்கிறவர்களைத்தான் கேட்கிறோம்: உங்கள் "ஆதிமுதல்" எந்த ஆதி?

நம் நாட்டு வைதீகர்கள் ஒரு விதி வைத்தார்கள். தீட்டுப்பட்டது பித்தளையானால் புளிபோட்டுத் துலக்கினால் போதும். மண்சட்டியானால் உடைத்தெறிய வேண்டும். மண் உறிஞ்சும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அது எதை உறிஞ்சும்? பதினையாயிரம் வருஷத்துச் சட்டிகளைக்கூடச் சோதிக்கிறார்கள். மீன் கொழுப்பு தெரிகிறது, பன்றிக் கொழுப்பு தெரிகிறது, பால் தெரிகிறது. தொட்டவனுடைய பிறப்பு மட்டும் ஒரு சில்லிலும் தெரியவில்லை! சட்டி கொழுப்பை உறிஞ்சும், ஜாதியை உறிஞ்சாது. உறிஞ்சுவதற்கு அப்படியொரு வஸ்து இருந்தால்தானே?

இந்த இல்லாத வஸ்துவுக்காகத்தான் 1924-25-ல் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு நடந்து, நாடே அதைப் பற்றிப் பேசிற்று. இன்றும் சில ஊர் டீக்கடைகளில் ஒரு ஜாதியாருக்குத் தனிக் குவளை வைத்திருக்கிறார்கள்.

தோழர்களே! உங்கள் ஊர்க் கல்யாணத்திலும் கருமாதியிலும் பந்தியைக் கவனியுங்கள். தனிப் பந்தி, தனிக் குவளை என்றால் அங்கே உட்காராதீர்கள். ஏன் உட்காரவில்லை என்பதையும் நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் யாவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து ஒரே சட்டிச் சோற்றைப் பரிமாறுங்கள். பிறகு வேண்டுமானால் அந்தச் சட்டியை எந்தப் பரிசோதனைக்கு வேண்டுமானாலும் அனுப்பிப் பாருங்கள் என்று சொல்லி, இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகிறோம்.