கூரைக்குள் ஓடும் குளிர்



ஹைதராபாத் அருகே போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011-இல் ஓர் அலுவலகத்தைக் கட்டி முடித்தது. ஒரே கட்டடம், சமமான இரண்டு பாதிகள். ஒரு பாதியில் வழக்கமான ஏசி. மறுபாதியில் கான்கிரீட் கூரைத் தளத்துக்குள்ளேயே குழாய்களைப் பதித்து, குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் வெறும் கூரைதான். ஆனால் கீழே இருப்பவர்களின் உடற்சூட்டையும் கணினிகளின் வெப்பத்தையும் அது மெல்ல வாங்கிக்கொள்கிறது.

இரு பாதிகளையும் அளந்து பார்த்தபோது, கூரைக்குள் நீர் ஓடிய பகுதி குளிரூட்டலுக்கு மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தைக் குறைவாகச் செலவழித்திருந்தது. காரணம் எளிது. ஒரே கன அளவில், காற்றைவிடத் தண்ணீர் மூவாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைச் சுமக்கும். அதனால் குளிர்காற்றைத் தள்ளும் பெரிய விசிறிகளுக்கு வேலை குறைகிறது; தண்ணீரையும் அவ்வளவு சில்லிட வைக்க வேண்டியதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. ஈரக்காற்று பட்டால் குளிர்ந்த கூரை வியர்த்துச் சொட்டும். அதனால் உள்ளே வரும் காற்றின் ஈரத்தைத் தனியாக நீக்கி அனுப்புகிறார்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஜன்னலுக்கு நல்ல நிழலும் அவசியம். வெயிலை நேராக உள்ளே விடும் கண்ணாடிச் சுவரைக் கட்டிவிட்டுக் குளிரூட்டியோடு மல்லுக்கட்டுவதை நாம் நிறுத்தியாக வேண்டும்.

செலவு? இந்தக் கட்டடத்தில் புதிய முறையை அமைக்க, பழைய முறையைவிட அதிகம் ஆகவில்லை.